தம்பியிடம் இருந்தது 6 கிராம் ஐஸ் என்கிறார்கள், மரண தண்டனையா?

கேள்வி: வெருகலில் வசிக்கிறோம். கடற்றொழிலுக்குப் போகும் என் 21 வயதுத் தம்பியை, கூட்டாளி ஒருவர் கொடுத்துவிட்ட பொதியுடன் பொலிஸார் கைது செய்து, 6 கிராம் 200 மில்லிகிராம் ஐஸ் (மெத்தம்பெட்டமின் என்னும் போதைப்பொருள்) என்று விளக்கமறியலில் வைத்துள்ளார்கள். அவனும் பாவிக்கிறவன்தான். வாக்குமூலத்தில் ஒப்பமிட்டுவிட்டான். மூன்று இலட்சம் கொடுத்தால் அளவைக் குறைக்கலாம் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார்.

பதில்: சகோதரி, முதலில் அந்த மூன்று இலட்சத்தைக் கொடுக்காதீர்கள். இலஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி குற்றம். தம்பியின் வழக்கோடு உங்கள் பெயரிலும் ஒரு வழக்கு வந்துவிடும்.

நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம், 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருப்பவருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. (1976 க்குப் பின் இலங்கையில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்பது வேறு விடயம்.) ஆனால் பொலிஸார் தராசில் கண்டது கலப்படத்தோடு சேர்ந்த நிறை, சட்டம் கணக்கில் எடுப்பது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் தரும் அறிக்கையிலுள்ள தூய அளவையே. ஆகவே, 6 கிராம் 200 மில்லிகிராம் பொதியில் தூய ஐஸ் 5 கிராமுக்குக் கீழே இருந்தால் தண்டனையின் தன்மையே மாறிவிடும். அறிக்கை வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை யாருடைய ஊகத்தையும் நம்பி மனம் உடையாதீர்கள்.

பிணையை நீதவான் வழங்க முடியாது. தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றமே தீர்மானிக்கும். உங்கள் விடயத்தில் விண்ணப்பம் திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்கே செல்லும், அங்கும் விதிவிலக்கான சூழ்நிலைகளைக் காட்ட வேண்டும். குடும்ப வறுமையை மட்டும் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அறிக்கையோ குற்றப்பத்திரிகையோ நெடுங்காலம் தாமதமாவது அதைவிட வலுவான வாதமாகும்.

ஒப்பமிட்டதைப் பற்றி அதிகம் கலங்க வேண்டாம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் செய்த குற்ற ஒப்புதலை, அதைச் செய்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. எனினும், தம்பி சொன்னதை வைத்து இன்னொரு பொதி எடுக்கப்பட்டிருந்தால், அக்கண்டுபிடிப்புக்கு நேரடியாகக் காரணமான வாசகம் சாட்சியமாகும்.

முன்பு எங்கள் கடற்கரைக் கிராமங்களிலிருந்து என்னிடம் வந்தவை பெரும்பாலும் கசிப்பு, கஞ்சா வழக்குகள். இப்போது விரல் நுனியளவுப் பொதிகளோடு பொடியன்கள் வருகிறார்கள், பெரும்பாலும் இன்னொருவருக்காகக் கொண்டுபோனவர்கள். பொதிக்குள் இருப்பது என்னவென்று தம்பி அறிந்திருந்தாரா என்பதே எதிர்வாதத்தின் மையமாக இருக்கலாம். ஆதலால், தானும் பாவிப்பவர் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்காமல் நீதிமன்றத்தில் சொல்லவிட வேண்டாம். சிகிச்சை தேவைதான், 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிசெய்கிறது, 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய அபாயகரமான ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ஆலோசனை தரும். ஆயினும் புனர்வாழ்வு, ஐஸ் வைத்திருந்த குற்றச்சாட்டைத் தானாக நீக்கிவிடாது.

அடுத்த தவணைக்கு முன்பு சட்டத்தரணி ஊடாகப் பீ அறிக்கையின் (பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கை) பிரதியைப் பெற்று, கைது செய்த நேரம், பொதி யார் முன்னிலையில் நிறுக்கப்பட்டு முத்திரையிடப்பட்டது, எந்தத் திகதியில் பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக் கட்டணம் செலுத்த வசதியில்லையெனில், வருமானத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலர் கடிதத்துடன் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குச் செல்லலாம்.