வண்டியிலேயே ராத்தங்கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேன், கேரவன் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வேனில் படுக்கை போட்டு மாற்றியிருக்கிறோம். கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் நடுவே ஆற்று மணலிலோ படுகையிலோ ஒரு இரவு தங்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

வேண்டாம். ஆறு வறண்டு கிடந்தாலும் வேண்டாம். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணையும் திறக்கும். அது முன்கூட்டியே தெரிந்து வரும் தண்ணீர். எனக்குப் பயம் தருவது சொல்லாமல் வருவதுதான். மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி வந்தால் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கம் திருப்பிவிடுவார்கள். பகலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய மணல்திட்டு ராத்திரியில் முழுகிப்போகும். ஒலிபெருக்கியில் எச்சரித்தாலும், கதவை அடைத்து மின்விசிறிச் சத்தத்தில் தூங்குகிறவர் காதில் விழாது. படுகை நிலமும் சும்மா கிடப்பதல்ல, யாரோ வாழை போட்டிருப்பார்கள். கரைமேல் சாலையையும் மறிக்காதீர்கள், டிராக்டரும் அறுவடை இயந்திரமும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

அப்புறம் எங்கே தங்குவது? நான் எப்போதும் சொல்வது கல்யாண மண்டபம். சுற்றுச்சுவர், சிமெண்டுத் தரை, குழாய், கழிப்பறை, பிளக் பாயிண்ட், பெரும்பாலும் ஒரு வாட்ச்மேன், எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலியாக இருக்கும். போனில் கேட்டால் வண்டி என்னவோ ஏதோ என்று தயங்குவார்கள். இருட்டுவதற்கு முன் குடும்பத்தோடு நேரில் போய் மேனேஜரைப் பாருங்கள். ஒரு இரவுக்கு என்ன தரவேண்டும் என்று நீங்களே கேட்டு, பணத்தை முதலில் கொடுத்துவிடுங்கள்.

நவம்பரில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்க கேரவனில் போகலாமா? (மன்னார்குடி வாசகர்)

தை பிறக்கட்டும். பூநாரைகளை அப்போதும் பார்க்கலாம். நவம்பர் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்த கஜா உங்கள் ஊரை என்ன செய்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. உயரமான வண்டி காற்றை முழுசாக வாங்கிக்கொள்ளும். தார்ச்சாலையை விட்டு ஒரு சக்கரம் ஈரக் களிமண்ணில் இறங்கினாலும் டிராக்டர் வைத்துத்தான் இழுக்கவேண்டும். சரணாலயத்துக்குள் வண்டியைப் போட்டுப் படுக்க நினைக்காதீர்கள். வேதாரண்யத்தில் தங்கி விடியற்காலையில் கிளம்பினாலே போதும்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். காருக்குப் பின்னால் மாட்டும் டிராவல் டிரெய்லரில் அரசு கேம்ப்கிரவுண்டில் ஒரு இரவு தங்கப்போகிறோம். நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? (திருவாரூர் வாசகி)

சந்தோஷமாகப் போய்வாருங்கள் அம்மா. அங்கே வண்டி நிறுத்தவே எண் போட்ட இடம் ஒதுக்குகிறார்கள். தேசியப் பூங்கா முகாம்கள் பலவற்றுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு தொடங்கும், அதனால் மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். டிரெய்லரின் நீளத்துக்கு அந்த இடம் பொருந்துமா, மின்இணைப்பு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பூங்காக்களில் மின்சாரமே கிடையாது. 30 ஆம்ப் இணைப்பு கிடைத்தாலும் ஏசி, மைக்ரோவேவ், கெட்டில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகிவிடும். நம் ஊர் மிக்ஸி வேண்டாம். அது 230 வோல்ட், அங்கே 120.

சாமான் ஏற்றுவதில் உங்கள் கை இருக்கும் என்பதால் இதைக் கவனியுங்கள். அரிசி மூட்டை, தண்ணீர் கேன் போன்ற கனமானவை அச்சுக்கு முன்பக்கம் இருக்கட்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அமரவேண்டும். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், அதை அடக்குவது கஷ்டம். நிறுத்தியதும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, அதன்பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது. கரடி உள்ள பகுதி என்றால் சாம்பார்ச் சட்டியை இரவில் வெளியே வைக்கக்கூடாது, உணவுக்கென்று இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். பெரும்பாலான முகாம்களில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது.

பேட்டரியில் ராத்திரி முழுக்க ஏசி ஓடுமா? (மயிலாடுதுறை வாசகர்)

ஓடாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. லெட்-ஆசிட் என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு டன் ஏசி சுமார் 1,000 வாட் இழுக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 25 வாட் டிசி மின்விசிறியோ எட்டு மணி நேரத்துக்கு 200 வாட்-மணிதான் எடுக்கும். வயல் பக்கம் கொசு அதிகம், அதனால் எல்லா ஜன்னலுக்கும் வலை அடியுங்கள். மூடிய வண்டிக்குள் கொசுவர்த்தி கொளுத்தவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது? (பாபநாசம் வாசகர்)

வாய்க்காலில் மட்டும் கூடாது. அடுத்த மதகு தாண்டினால் அந்தத் தண்ணீரில் ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் நாற்று நடுவார். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரையும் கேனில் பிடித்து வையுங்கள். செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில், உரியவரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிறையத் தண்ணீர் விடுங்கள். பார்மால்டிஹைடு கலந்த வாடைநீக்கியை வாங்காதீர்கள். கழிவை மட்கவைக்கும் கிருமிகளை அது கொன்றுவிடும், பாதிப்பு டேங்க் வைத்திருப்பவருக்கு.