என்ஹெச்எல்லுக்குக் கீழே ஐஸ் ஹாக்கி வாழ்க்கை: கேள்வி பதில்

கேள்வி: வட அமெரிக்காவின் முதல்தர ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் தெரியும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது?

பதில்: நேர் கீழே ஏஹெச்எல் என்ற லீக். 1936இல் தொடங்கியது, இப்போது 32 அணிகள், என்ஹெச்எல் அணி ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை அணி. அதற்கும் கீழே ஈசிஹெச்எல், 1988இல் வந்தது. மேலே யாருக்காவது அடிபட்டால் கீழே இருப்பவருக்கு போன் வரும், அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: சம்பளம் எப்படி?

பதில்: ‘டூ-வே’ ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. என்ஹெச்எல்லில் இருக்கும் நாளுக்கு ஒரு தொகை, ஏஹெச்எல்லில் இருக்கும் நாளுக்கு வேறு தொகை. 2023-24இல் என்ஹெச்எல்லின் குறைந்தபட்சம் வருடத்துக்கு 7,75,000 டாலர், கீழே அனுப்பினால் இளம் வீரர்கள் பலருக்கு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஈசிஹெச்எல்லில் வாரச் சம்பளம், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களில் மட்டும். தங்க வீடு அணி கொடுக்கும், ஆனால் கோடையில் பலரும் வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: நன்றாக ஆடும்போதே சிலரை ஏன் கழற்றிவிடுகிறார்கள்?

பதில்: எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. ஏஹெச்எல்லில் கோலிகளை (கோல் காப்பாளர்களை) விட்டுவிட்டால் ஓர் ஆட்டத்தில் 18 பேர் இறங்கலாம், அதில் குறைந்தது 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும். அது வயதை வைத்து இல்லை, அதுவரை ஆடிய தொழில்முறை ஆட்டங்களை வைத்து. அந்தப் 13 பேரில் 12 பேர் 260 ஆட்டத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, மிச்சமுள்ள ஒருவர் 320ஐத் தாண்டியிருக்கக் கூடாது. சீசனுக்கு 72 ஆட்டம், ஒன்றுகூட விடாமல் ஆடுகிறவர் ஐந்தாவது சீசனிலேயே 320ஐத் தாண்டிவிடுவார், அப்புறம் மீதி ஐந்து இடத்துக்குத்தான் போட்டி போட வேண்டும். 26, 27 வயதில் ‘வெட்டரன்’, அதாவது மூத்த வீரர்! இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்பது சரிதான், ஆனாலும் ஒருவர் விடாமல் உழைத்ததே அவருக்கு எதிராகத் திரும்புகிறதே. அதனால்தான் பலர் ஜெர்மனி, ஆஸ்திரியா என்று கிளம்பிவிடுகிறார்கள்.

கேள்வி: ஈசிஹெச்எல்லில் இருந்து மேலே போனவர் உண்டா?

பதில்: 2011 ஸ்டான்லி கோப்பை (என்ஹெச்எல் சாம்பியனுக்கான கோப்பை) இறுதிச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் கூடுதல் நேரம் தொடங்கி 11ஆவது வினாடியில் வான்கூவருக்கு வெற்றி கோல் அடித்த அலெக்ஸ் பர்ரோஸை எந்த அணியும் டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுக்கவில்லை, ஈசிஹெச்எல்லில் ஆடித்தான் மேலே வந்தார். அந்த கோலை வாங்கிய பாஸ்டன் கோலி டிம் தாமஸும் ஈசிஹெச்எல், பின்லாந்து என்று சுற்றி, முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் என்ஹெச்எல்லில் நிலைத்தவர். கோப்பையும் அந்த வருட பிளேஆஃப் சிறந்த வீரர் விருதும் கடைசியில் அவருக்கே.

கேள்வி: நேரில் பார்க்க எந்த ஊர்?

பதில்: பென்சில்வேனியாவின் ஹெர்ஷி, யோசிக்கவே வேண்டாம். ‘பேர்ஸ்’ அணி 1938 முதல் ஏஹெச்எல்லில் இருக்கிறது, அந்த லீக்கின் சாம்பியனுக்கான கால்டர் கோப்பையை 13 முறை ஜெயித்திருக்கிறது. வருடத்தில் ஒரு நாள், சொந்த அணியின் முதல் கோல் விழுந்ததும் ரசிகர்கள் பொம்மைகளைப் பனித்தளத்தில் வீசுவார்கள், எல்லாம் நன்கொடையாகப் போகும். 2025 ஜனவரியில் வந்து விழுந்தவை 1,02,343. டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், கையில் ஒரு கரடி பொம்மையும் இருக்கட்டும்.