ஆக்சைடுக்கு பாலிமர் பூச்சு: லித்தியம் பேட்டரி கேள்வி பதில்

கேள்வி: சார், கரண்ட் கடத்தத்தான் கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்தூள்) இருக்கிறதே, பாலிமர் எதற்கு?

பதில்: கார்பன் கடத்துவதோடு சரி. பாலிஅனிலின், பாலிபைரோல் மாதிரி மின்சாரம் கடத்தும் பாலிமர்கள் ஆக்சைடுத் துகளைச் சுற்றித் தோல் மாதிரி ஒட்டும், துகள் வீங்கினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கேதோடு (பாசிட்டிவ் முனை) வோல்டேஜில் தானும் சிறிது சார்ஜ் பிடிக்கும். வனேடியம் பென்டாக்சைடைப் பாருங்கள், 2 லித்தியம் உள்ளே போனால் கிராமுக்கு 294 மில்லி ஆம்பியர் மணி கெபாசிட்டி வரவேண்டும், ஆனால் கடத்துத்திறன் மோசம் என்பதால் வேகமாக டிஸ்சார்ஜ் செய்தால் அது காகிதக் கணக்காகவே நின்றுவிடும். அதன் சிவந்த ஜெல்லில் பாலிஅனிலினின் மூலப்பொருளான அனிலினைச் சேர்த்தால், அதைப் பாலிமராக்க வேறு ஆக்சிடைசரே வேண்டாம், ஆக்சைடே அந்த வேலையைச் செய்து தன் அடுக்குகளுக்கு நடுவில் பாலிஅனிலினை வளர்த்துக்கொள்ளும். ஜெல் கறுத்துப்போவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: மாங்கனீஸ் டை ஆக்சைடு மேல் அமிலத்தில் பாலிஅனிலின் பூசினேன். நல்ல பச்சை வந்தது, கெபாசிட்டி மட்டும் விழுந்துவிட்டது.

பதில்: பச்சை வந்ததால் பாலிமரில் குறையில்லை, போனது ஆக்சைடு. அமிலத்தில் அது அனிலினை ஆக்சிடைஸ் செய்துவிட்டுத் தானே அயனியாகக் கரைந்து, நீங்கள் வடிகட்டிக் கொட்டிய தண்ணீரோடு போயிருக்கும். (உள்ளீடற்ற பாலிமர் குழாய் செய்கிறவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்!) காற்றில் டிஜிஏ (சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள், பாலிமர் எரிந்தபின் ஆக்சைடு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் ஆக்சிடைசராக பெர்சல்பேட் போடுகிறவர்களும் கவனியுங்கள், அது உள்ளே இருக்கும் லித்தியத்தையே உருவிவிடும்.

கேள்வி: டின் ஆக்சைடு ஆனோடுக்கு (நெகட்டிவ் முனைக்கு) பாலிபைரோல் உதவுமா?

பதில்: உதவும், ஆனால் கடத்தியாக அல்ல. சுமார் 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாலிபைரோல் டோப்பிங்கை (அதைக் கடத்தியாக்கும் அயனிச் சேர்க்கையை) இழந்து கிட்டத்தட்ட இன்சுலேட்டர் ஆகிவிடும், டின்னோ பெரும்பாலும் 1 வோல்ட்டுக்குக் கீழேதான் வேலை செய்கிறது. அதனால் கார்பனை எடுத்துவிடாதீர்கள். லித்தியம் ஏறும்போது டின் மூன்று மடங்குக்கும் மேல் பருக்கும், அதைத் தாங்கும் மெத்தையாக மட்டும் பாலிமரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், முதல் சார்ஜில் டின் ஆக்சைடின் ஆக்சிஜன் பிடித்துவைக்கும் லித்தியம் பெரும்பாலும் திரும்பாது, எந்தப் பூச்சுக்கும் அதில் கைவரிசை கிடையாது.

கேள்வி: பாலிமர் எவ்வளவு சதவீதம்?

பதில்: 5-ல் தொடங்குங்கள். கெபாசிட்டியை பாலிமரையும் சேர்த்த எடையால் வகுங்கள், ஆக்சைடு எடையால் மட்டும் வகுத்து அழகான எண் காட்டுவது எனக்குப் பிடிக்காது. வேக்குவத்தில் நன்றாக உலர்த்துங்கள், பாலிமரில் ஈரம் தங்கினால் எலக்ட்ரோலைட் உப்போடு சேர்ந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமாகிவிடும்.