அறிவித்த இறங்குதளத்துக்குப் பணம் ஒதுக்கினார்களா?

கேள்வி: எங்கள் ஊருக்கு மீன் இறங்குதளம் கட்டப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. இன்னும் ஒரு கல்கூட விழவில்லை. கேட்டால் 'நிதி வரவில்லை' என்கிறார்கள். நிதி ஒதுக்கினார்களா இல்லையா என்று நாங்களே பார்க்க முடியுமா? கடன் வாங்கித்தான் கட்டுவார்களாமே, அது எங்கள் சங்கத்தின் தலையில் விழுமா?
- மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர், தொண்டி பகுதி

பதில்: கடன் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். இறங்குதளம், துறைமுகம் போன்றவற்றுக்கு மாநில அரசு நபார்டு என்ற வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி மூலம் கடன் வாங்குவது வழக்கம். 2018-19இல் மத்திய அரசு கொண்டுவந்த மீன்வள உட்கட்டமைப்பு நிதியும் கடன்தான். வட்டியில் 3 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்கிறது, திருப்பிக் கட்ட 12 வருடம். அரசு கட்டும் தளத்துக்கு அதை வாங்குவதும் அடைப்பதும் அரசு. சங்கத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. 2026 மார்ச் முடிவில் சுமார் 9.3 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட் மதிப்பிட்ட மாநிலக் கடனில் இதுபோன்றவையும் சேர்த்தி. பல வருடம் நிற்கப் போகும் தளத்துக்குக் கடன் வாங்குவதில் தப்பே இல்லை என்பது என் கருத்து. ஆனால் வேலை பாதியில் நின்றாலும் வாங்கிய பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் நீங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

சரி, ஒதுக்கீட்டுக்கு வருவோம். அமைச்சர் அவையில் சொல்வது அறிவிப்பு மட்டுமே. பணம் இருக்கிறதா என்பது, ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில்தான் தெரியும். மாநில அரசின் பட்ஜெட் இணையதளத்தில் அது தமிழிலேயே கிடைக்கிறது. மீன்வளத் துறைக்குக் கோரிக்கை எண் 7. அதில் 4405 என்ற தலைப்பைத் தேடுங்கள்; கட்டுமானம் போன்ற மூலதனச் செலவெல்லாம் அங்கேதான் வரும். 2405 என்பது சம்பளம், நிவாரணம் போன்ற வருவாய்ச் செலவு. மீன்பிடித் தடைக்கால உதவித்தொகையை அந்தப் பக்கம் தேட வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் நேரே நான்கு தொகை இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டு மதிப்பீடு, அதன் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. பலரும் கடைசித் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் திருத்த மதிப்பீட்டைப் பாருங்கள். மதிப்பீட்டில் 5 கோடி, திருத்தத்தில் 20 லட்சம் என்றிருந்தால் ஒதுக்கிய பணத்தைப் பிறகு குறைத்திருக்கிறார்கள் என்று பொருள்; வேலை நடக்காதது அதற்குக் காரணமாக இருக்கலாம். பக்கத்தின் மேலே 'ரூபாய் ஆயிரங்களில்' என்று இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியிருந்து, திட்டத்துக்கு நேரே வெறும் '1' என்றிருந்தால் அது ஆயிரம் ரூபாய். கணக்கில் ஒரு வரி திறந்து வைப்பதற்கான பெயரளவுத் தொகை அது. அதை வைத்து டெண்டர் விட முடியாது. சிறிய தளங்கள் தனிப்பெயரில் வராமல் மொத்தத் தொகைக்குள் அடங்கியிருக்கவும் கூடும்.

நம் கடற்கரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மானியக் கோரிக்கை நிறைவேறி, அரசாணை வந்து, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் வாங்கி, டெண்டர் முடிப்பதற்குள் பல நேரம் ஐப்பசி வந்துவிடுகிறது. அப்புறம் வாடைக் காற்று. பாக் நீரிணைப் பக்கம் அப்போது கடலில் கல் இறக்குவது லேசான காரியமா? தை பிறந்து கடல் அடங்கினால் மார்ச் 31க்கு இரண்டரை மாதம்தான் மிச்சம். அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டு புதிதாக ஒதுக்க வேண்டும். படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம்தான் கட்டுமானத்துக்கு வசதியான நேரம். அந்த நேரத்தில் வேலை நடக்கும்படி முந்தைய ஆண்டே டெண்டர் முடிய வேண்டும் என்று ஆட்சியர் அலுவலக மீனவர் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

கூடவே தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மீன்வளத் துறை மாவட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 'ஏன் கட்டவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்கலாம். நிர்வாக ஒப்புதல் அரசாணையின் எண்ணும் நகலும், எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவானது, டெண்டர் தேதி, பெற வேண்டிய அனுமதிகளின் நிலை என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.