வாசகர் கேள்வி பதில்: மந்திரத்துக்கும் விலை உண்டு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள் படிக்கும் மாயாஜால, சாகச நாவல்களைப் பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகன் படிவம் ஒன்றில் படிக்கிறான். டிஸ்லெக்சியா என்று சொல்லியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தைத் தொடமாட்டான். ஆனால் பெர்சி ஜாக்சன் என்று ஒரு தடித்த ஆங்கில நாவலை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கையில் வைத்திருக்கிறான். பிடுங்கி வைக்கலாமா?
*– ஒரு தாயார், செந்தூல்*

பிடுங்காதீர்கள் அம்மா. அந்தக் கதை பிறந்ததே உங்கள் பையனைப் போன்ற ஒரு பிள்ளைக்காகத்தான். அதை எழுதிய ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மகனுக்கும் டிஸ்லெக்சியா, கூடவே ஒரு இடத்தில் உட்காரமுடியாத கவனச் சிக்கலும். தூங்கப்போகும் நேரத்தில் அவனுக்குக் கிரேக்கப் புராணங்களைச் சொல்லிச் சொல்லி, தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோன பிறகு அவரே இட்டுக்கட்டிச் சொன்னதுதான் பெர்சியின் கதை. முதல் புத்தகம் 2005-ல் வந்தது.

அந்தக் கதையில் பெர்சிக்கு ஆங்கில எழுத்துகள் நிலையாக நிற்காது, காரணம் அவனுடைய மூளை பழைய கிரேக்க மொழிக்காகவே அமைந்தது. சும்மா உட்காரமுடியாத அந்தத் துடிப்புதான் சண்டையில் அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. பள்ளியில் குறை என்று எழுதிவைத்த எல்லாமே அவன் ஒரு கிரேக்கத் தெய்வத்தின் பிள்ளை என்பதற்கான அடையாளமாக மாறுகிற அந்தப் பக்கத்தை உங்கள் மகன் எப்படிப் படித்திருப்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டவே சிரமப்படுகிற பிள்ளை நூற்றுக்கணக்கான பக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால், அதைப்போல நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்?

பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், அது வேறு விஷயம், தூக்கம் முக்கியம். ஒலிநூல் கிடைத்தால் அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணுக்குப் பாரம் குறையும். அப்புறம், டியூஷனுக்குக் காரில் கொண்டுபோய் விடும்போது அன்றைக்குப் படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். திருத்தாதீர்கள், கேட்டால் மட்டும் போதும்.

ஹன்னா அல்காஃப் எழுதிய 'தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்' நாவலுக்கு நான் எழுதிய விமர்சனத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். "இது கதைச்சுருக்கம்" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு?
*– படிவம் நான்கு மாணவி, கெப்போங்*

நீ அனுப்பிய நான்கு பத்திகளையும் இரண்டு முறை படித்தேன், தங்கச்சி. உன் ஆசிரியர் சொன்னது சரிதான். முதல் மூன்று பத்தியில் யார் வந்தார், என்ன செய்தார், அப்புறம் என்ன ஆனது என்று போகிறது. கடைசிப் பத்தியில், "இந்நாவல் மிகவும் விறுவிறுப்பாக இருந்தது. கதாபாத்திரங்கள் அருமை. அனைவரும் படிக்க வேண்டிய நூல்" என்று முடிக்கிறாய். இந்த மூன்று வரியை வெட்டி வேறு எந்த நாவலின் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் படித்த புத்தகங்களைக் குறித்துவைக்கும் நிலாம் வாசிப்புப் பதிவுக்கு இது போதும். விமர்சனத்துக்குப் போதாது.

மாயாஜாலக் கதையை எடுத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். இந்தக் கதையில் மந்திரத்துக்கு என்ன விலை, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள்? நம் விக்கிரமாதித்தன் கதையையே எடுத்துக்கொள். வேதாளம் ஒரு கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் ராஜா வாயைத் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாக வெடித்துவிடும், வாயைத் திறந்தாலோ வேதாளம் மறுபடி மரத்தில் போய்த் தொங்கிக்கொள்ளும், அவன் மறுபடி மரம் ஏறவேண்டும். இவ்வளவுதான் விதி. அந்த விதியை நடுவில் யாரும் தளர்த்துவதில்லை, அதனால்தான் இருபத்து நான்கு முறை அதே மரம், அதே சுமை என்று போனாலும் நமக்கு அலுக்கவில்லை. ராஜாவுக்கு அறிவு இருக்கிற ஒரே காரணத்தால் அவன் தோற்றுக்கொண்டே இருக்கிறான் என்பது எவ்வளவு அழகான கட்டமைப்பு!

உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலிலும் இதைத்தான் பார்க்கிறேன். கெட் என்கிற பையனுக்கு உன் வயதுதான் இருக்கும், மந்திரம் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் படிக்கிறான், கெட்டிக்காரன், கூடப் படிப்பவன் சீண்டிவிட்டதில் வீறாப்பாக, செத்துப்போன ஒருத்தியின் ஆவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறான். அப்போது திறந்த பிளவு வழியே ஒரு கறுப்பு நிழல் உள்ளே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதை மூடுவதற்குப் பள்ளியின் தலைமை மந்திரவாதி தன் சக்தி முழுவதையும் செலவழித்து உயிரை விடுகிறார். கெட் பிழைத்து எழுந்திருக்க மாதக்கணக்கு ஆகிறது, கன்னத்துத் தழும்பு போகவே இல்லை. ஒரு சின்னப் பையனின் ரோஷத்துக்கு இவ்வளவு பெரிய பில்! மன்னிப்பு, மறு உயிர், 'எல்லாம் கனவு' என்கிற சலுகை எதுவும் லெ குவின் தரவில்லை. மீதிக் கதை முழுக்க அந்தக் கடனை அடைப்பதுதான்.

சரி, இப்போது நீ படித்த புத்தகத்துக்கு வருவோம். பெலசிட் என்பது மலாய் நாட்டுப்புற நம்பிக்கையில் வெட்டுக்கிளி உருவில் வரும் ஏவல் ஆவி, வளர்ப்பவரின் ரத்தத்தைக் குடித்து வாழும். ஹன்னா அந்தப் பயங்கரத்தை எடுத்து, நண்பர்களே இல்லாத சுராயா என்ற சின்னப் பெண்ணுக்குப் பாட்டி வழிச் சொத்தாகக் கொடுக்கிறார். அவளோ அதற்கு 'பிங்க்' என்று பெயர் வைக்கிறாள்! இதை நீ முதல் பத்தியில் ஒரு வரியில் கடந்துவிட்டாய். அங்கேதான் நீ நின்றிருக்க வேண்டும். அம்மாவிடம் கிடைக்காத அன்பை ஒரு ஆவியிடம் வாங்கிக்கொள்கிறாளே, அதற்கு என்ன விலை? பள்ளியில் ஜிங் என்ற தோழி கிடைத்த பிறகு பிங்க் பொறாமையில் சுராயாவையே வதைக்கத் தொடங்குகிறதே, அதுதான் அந்த விலையா? பிங்க் அவளை நேசித்ததற்கும் வதைத்ததற்கும் ஒரே காரணம், அதற்கு அவளை விட்டால் வேறு யாரும் இல்லை என்று நான் படித்தேன். நீ வேறு மாதிரிப் படித்திருக்கலாம். அந்த வேறு மாதிரிதான் எனக்கு வேண்டும், கதை எனக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

திருப்பி எழுதும்போது கதையை ஒரு பத்திக்குள் அடக்கு. படிக்கும்போதே பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொண்டு, எங்கே மூச்சைப் பிடித்தாய், எங்கே அலுத்துக் கைப்பேசியை எடுத்தாய் என்று பக்க எண்ணோடு குறித்துவை. அலுத்த இடத்தையும் எழுது, பயப்படாதே. எந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வரி. பள்ளியில் ஒதுக்கப்படுகிற பிள்ளைக்கு இந்தப் புத்தகம் வேறு மாதிரி போய்ச் சேரும், அதையும் சொல். "அனைவரும் படிக்க வேண்டிய" என்பதை மட்டும் எடுத்துவிடு. எழுதி முடித்ததும் மறுபடி எனக்கு அனுப்பு, கட்டாயம் படிக்கிறேன்.

விமர்சனத்தில் கதையை எதுவரைக்கும் சொல்லலாம்?
*– ஒரு கல்லூரி மாணவர், பிரிக்பீல்ட்ஸ்*

முதல் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும். மேலே கெட் கதையைச் சொன்னேனே, அது தொடக்கத்தில் நடப்பது, அதற்கு மேல் நான் போகவில்லை. யார் சாகிறார்கள், யார் துரோகி, கடைசிக் கதவுக்குப் பின்னால் என்ன என்பதைத் தொடாதீர்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால், "எழுத்தாளர் முதலில் போட்ட விதியைக் கடைசி அத்தியாயத்தில் அவரே மீறிவிட்டார்" என்று எழுதினால் போதும். படித்தவனுக்குப் புரியும், படிக்காதவனுக்கு எதுவும் கெடாது.

பெர்சி ஜாக்சன் மாதிரி நம் புராணத்தை வைத்து ஏதாவது இருக்கிறதா?
*– படிவம் இரண்டு மாணவன், ஜாலான் ஈப்போ*

இருக்கிறது தம்பி. ரொஷானி சோக்ஷி 2018-ல் எழுதிய 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. பாண்டவர்கள் இந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளாகப் பிறந்திருக்கிறார்கள். அட்லாண்டாவில் ஒரு அருங்காட்சியகத்தில் வளரும் பன்னிரண்டு வயது ஆரு, பள்ளித் தோழர்களிடம் அள்ளிவிட்ட பொய்யை மெய்யாக்கப் போய், தொடக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். தொடக்கத்தில் நகைச்சுவை கொஞ்சம் அதிகம், ஆபத்து வரும்போதெல்லாம் ஒரு ஜோக் குறுக்கே வந்து விழுகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவளுடைய பொய்க்கு அவளே பதில் சொல்லவேண்டி வருகிறது, அந்த நேர்மைக்காகப் படி.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழில் சாகசக் கதைகள் கொடுக்க ஆசை. பட்டியல் தர முடியுமா?
*– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்*

நீண்ட பட்டியல் தரமுடியவில்லை டீச்சர், அதுதான் எனக்கு வருத்தம். குழந்தைகளுக்குத் தமிழில் நிறைய இருக்கிறது, பெரியவர்களுக்கும் நிறைய இருக்கிறது, பன்னிரண்டிலிருந்து பதினாறு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு மாயாஜால நாவல் என்று கேட்டால் அலமாரி காலியாகத்தான் கிடக்கிறது. அந்த வயதில்தான் நம் பிள்ளைகள் தமிழ் வாசிப்பை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை.

இருப்பதை வைத்து ஆரம்பிப்போம். வாசிக்கத் தயங்கும் பிள்ளைக்குப் படக்கதை கொடுங்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவி இன்னும் சலிக்காதவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்த ஒரு குறைதான் கதைக்கு உயிர். 'பொன்னியின் செல்வ'னில் மந்திரம் இல்லை, ஆனால் சாகசத்துக்கு அதை விட்டால் வேறு எது? ஐந்து பாகத்தையும் கையில் கொடுத்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதிலிருந்து கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியை ஒளிந்திருந்து கேட்பது வரைக்கும் வகுப்பில் நீங்களே சத்தமாகப் படியுங்கள். அங்கே புத்தகத்தை மூடிவிடுங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை அதை வாரா வாரம் தொடராகத்தான் எழுதினார், அடுத்த வாரத்துக்கு ஏங்கவைப்பது அந்த எழுத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் பள்ளியிலிருந்து மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா, ஒரு மணி நேரத்துக்குள் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து தாக்கிய கடாரம் அந்தப் பக்கம்தான். மெர்போக்கில் அருங்காட்சியகத்தை ஒட்டி புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் இன்றும் நிற்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், ராத்திரியில் இந்தப் படியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். தோட்டத்துப் பாட்டி சொன்ன முனியாண்டியைக் கொண்டுவருகிறவன் கொண்டுவரட்டும், சோழர் படகோட்டியைக் கொண்டுவருகிறவள் கொண்டுவரட்டும். ஒரே நிபந்தனை, யாருக்குச் சக்தி கிடைத்தாலும் அதற்கு அவர்கள் எதையாவது இழக்கவேண்டும். நல்லதாக வருவதை எனக்கு அனுப்புங்கள், இந்த இதழில் போடச்சொல்லி ஆசிரியரிடம் நான் பேசுகிறேன்.

தெரிந்தவர் ஒருவர் சிறுவர் சாகச நாவல் எழுதி, கைக்காசு போட்டு அச்சடித்திருக்கிறார். வெளியீட்டு விழாவில் என்னை நூலாய்வு செய்யச் சொல்கிறார். புத்தகம் நன்றாக இல்லை. என்ன செய்வது?
*– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம்*

விழாவுக்கு முன்னாலேயே அவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள் ஐயா. எந்தெந்த இடம் சரியில்லை என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள், அதற்கு மனசு வேண்டும், ஆனால் அவருக்கு அதுதான் உதவும். அதற்குப் பிறகும் பேசச் சொன்னால், உண்மையிலேயே நன்றாக இருக்கிற பக்கத்தை எடுத்து அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். 'மலேசிய இலக்கியத்தின் மைல்கல்' என்று சொல்லிவிடாதீர்கள். நம் கூட்டம் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர்கள், அதனால் மேடையில் எல்லாப் புத்தகமும் மைல்கல் ஆகிவிடுகிறது. அந்தப் பேச்சை நம்பி ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை சேர்த்துவைத்த முப்பது வெள்ளியைக் கொடுத்து வாங்கி, நாற்பதாம் பக்கத்தில் தூக்கிப்போட்டால், அடுத்த தமிழ்ப் புத்தகத்தை அது வாங்காது. எழுத்தாளர் நமக்கு வேண்டியவர்தான். அந்தப் பிள்ளை அதைவிட வேண்டியது.

பினாங்கை வைத்து மாயாஜால நாவல் உண்டா? அப்புறம், புத்தக விலை கட்டுப்படியாகவில்லை, என்ன வழி?
*– ஒரு வாசகி, ஜெலுத்தோங்*

ஸென் சோ எழுதிய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' (2021) படியுங்கள். அமெரிக்காவில் வளர்ந்து பினாங்குக்குத் திரும்பும் ஜெஸ் என்ற பெண்ணின் தலைக்குள் செத்துப்போன பாட்டி உட்கார்ந்து பேசுகிறாள், ஒரு சிறுதெய்வத்தின் கோயிலைக் கட்டட முதலாளி இடிக்கப் பார்க்கிறான். பெரியவர்களுக்கான கதை, வன்முறை உண்டு, படிவம் ஐந்துக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வேண்டாம். விலைக்கு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. வரிசை நாவல் வாங்கும்போது முதல் பாகம் இருக்கிறதா என்று பாருங்கள், மூன்றாம் பாகம்தான் அடிக்கடி கண்ணில் படும். வாங்கும் முன்பு கடைசிப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.