கண்டுபிடித்தால் போதுமா? ஸ்கிரீனிங் செலவும் பலனும்: கேள்வி பதில்

நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லாதவர்களையும் கூப்பிட்டுச் சோதிப்பதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறோம். அதன் செலவு, பலன் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். சுகாதாரத் திட்டங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை, மருந்து எழுதுவது அல்ல. அதனால் "எனக்கு ரிப்போர்ட் இப்படி வந்திருக்கிறது" என்று வந்த கேள்விகளை உங்கள் டாக்டருக்கே விட்டுவிட்டேன்.

சார், எந்த நோயையும் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லதுதானே? இதில் என்ன கணக்கு வேண்டிக்கிடக்கிறது?

தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 1999இல் அரசு சில புற்றுநோய்களுக்கு ஸ்கிரீனிங் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் "கொஞ்சம் கூடக் கட்டினால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்றன மருத்துவமனைகள். யார்தான் வேண்டாம் என்பார்கள்? 2011இல் அந்த நாட்டின் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் கண்டுபிடித்தார்கள். அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அதாவது, கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை அவர்களை ஒருநாளும் தொந்தரவு செய்திருக்காத கட்டிகள். ஆனால் அறுவை சிகிச்சை நிஜம். அப்புறம் பலருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை. அறுவை செய்தவர்களில் நூற்றில் 11 பேருக்கு, தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பி பழுதாகிக் கால்சியம் குறைந்தது, 2 பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. ஸ்கேனுக்குக் கட்டிய பணம் இந்தச் செலவில் ஒரு மூலைக்கும் வராது.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவர்கள் அதிக வருஷம் உயிரோடு இருப்பதாக விளம்பரத்தில் போடுகிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் ஏமாற்றும். ஒருவர் 70 வயதில் இறக்கப் போகிறார் என்று வையுங்கள். 67இல் இருமல் வந்து நோய் தெரிந்தால் "மூன்று வருஷம் வாழ்ந்தார்". அதே ஆளுக்கு 62இல் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்தால் "எட்டு வருஷம் வாழ்ந்தார்". இரண்டிலும் சாவு 70இல்தான். நோயாளி என்ற பெயரோடு இருந்த காலம் மட்டும்தான் நீண்டது. அதனால் "ஐந்து வருஷம் தாண்டியவர்கள் இத்தனை சதவீதம்" என்று யாராவது ஸ்கிரீனிங்குக்குச் சான்று காட்டினால் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

சரி, வேறு எதை வைத்துத்தான் அளப்பது?

கூப்பிட்ட ஊரையும் கூப்பிடாத ஊரையும் பக்கத்தில் வைத்து, அந்த நோயால் எங்கே சாவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2000இல் தொடங்கிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு அது. கருவி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பயிற்சி பெற்ற நர்ஸ், நல்ல வெளிச்சம், பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே சமாச்சாரம். கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தால், கோளாறு இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே கொடுத்தார்கள்.

30 முதல் 59 வயது வரை 49,311 பெண்களைக் கூப்பிட்டார்கள், வந்தவர்கள் 31,343 பேர். மூன்றில் ஒருவருக்கு மேல் வரவேயில்லை. அப்படியிருந்தும், வராதவர்களையும் சேர்த்து எண்ணியே, கூப்பிடாத ஊர்களைவிட அந்தப் புற்றுநோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் முடிவு வெளிவந்தது.

அப்படியானால் இதை எல்லா ஊரிலும் செய்துவிடலாமே?

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் இதே வினிகர் முறையைப் பார்த்தபோது உறுதியாகச் சொல்லும்படி சாவு குறையவில்லை. அங்கே ஒரே ஒரு தடவை செய்த ஹெச்.பி.வி. சோதனைதான், அதாவது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான், சாவைப் பாதியளவுக்குக் குறைத்தது. கண்ணால் பார்க்கும் சோதனையில் பார்ப்பவரின் பயிற்சி முக்கியம். வெள்ளை தெரிந்தவரை அப்புறம் யார் பின்தொடர்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். பட்ஜெட் போடும்போது சோதனைக் கருவிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, பின்தொடர ஆள் போட மறந்துவிடுகிறார்கள். என் நிரந்தரப் புலம்பல் இது.

ஒரு தடவை மட்டும் சோதித்தால் நோய் கண்ணில் படாமல் தப்பிவிடலாம். திரும்பத் திரும்பச் சோதித்தால் எதுவும் தப்பாதே?

1975இல் அமெரிக்காவில் இரண்டு பேர் இதைக் கணக்குப் போட்டார்கள். மலத்தில் ரத்தம் பார்க்கும் சோதனையை ஒரே ஆளுக்கு ஆறு தடவை செய்தால், கண்டுபிடித்த ஒவ்வொரு குடல் புற்றுநோய்க்கும் சராசரிச் செலவு 2,451 டாலர். பரவாயில்லை போலத் தோன்றுகிறதா? ஆறாவது சோதனையை மட்டும் பிரித்துப் பார்த்தால், அது கூடுதலாகப் பிடிக்கும் ஒரு நோய்க்கு 4 கோடியே 71 லட்சம் டாலர்! முதல் ஐந்திலேயே கிட்டத்தட்ட எல்லாம் பிடிபட்டிருக்கும். அவர்கள் வைத்த அனுமானங்களில் ஓட்டை இருப்பதாகப் பின்னால் சிலர் சொன்னார்கள், அதுவும் நியாயம்தான். ஆனாலும் சராசரியைப் பார்க்காதே, கடைசியாகச் சேர்க்கும் ஒன்றின் விலையைப் பார் என்ற பாடம் அப்படியே நிற்கிறது.

எல்லோருக்கும் செய்வதா, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டுமா?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு இருக்கிறது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. ஓர் ஆயுள் ஆண்டைக் காப்பாற்ற, அதாவது யாரோ ஒருவர் ஒரு வருஷம் கூடுதலாக வாழ, எல்லோரையும் பார்த்தால் 835 டாலர், ஆபத்து உள்ளவர்களை மட்டும் பார்த்தால் 156 டாலர். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்?

2019இல் 17 ஆய்வுகளை, இரண்டரை லட்சம் பேருக்கு மேல், சேர்த்துப் பார்த்தார்கள். பொதுவான செக்கப்பால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. பிரஷரையும் சுகரையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பேக்கேஜ் தேவையில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை எப்படி மதிப்பிடுவீர்கள்?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரையையும் கொண்டுவந்து கொடுப்பது எனக்குப் பிடித்த அம்சம். கண்டுபிடிப்பதற்கும் சிகிச்சைக்கும் நடுவில்தான் ஆட்கள் நழுவுவார்கள், அந்த இடைவெளியை இது குறைக்கிறது. ஆனால் "இத்தனை லட்சம் பேரைப் பார்த்தோம்" என்ற எண்ணிக்கை எனக்குப் போதாது. நூறு பேருக்குப் பிரஷர் இருந்தால், அதில் எத்தனை பேருக்கு ஒரு வருஷம் கழித்து 140/90க்குக் கீழே இருக்கிறது? நான் கேட்பது அந்த ஒரு எண்தான்.

வருமுன் காப்பது அரசுக்குச் செலவை மிச்சப்படுத்தும்தானே?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் 2008இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உண்மையிலேயே பணம் மிச்சமானது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவை செலவு வைக்கின்றன. அதனாலென்ன? இதய அறுவை சிகிச்சையும் செலவுதான், அதை யாரும் மிச்சம் காட்டு என்று கேட்பதில்லையே.