கானுயிர் கேள்வி பதில்: வெளிமானும் கருவேலங்காயும்

கேள்வி: கோடியக்கரைச் சரணாலயத்தில் ஒரே மந்தையில் கறுப்பு மான் ஒன்றும் பழுப்பு மான்கள் பலவும் மேயக் கண்டோம். இவை இரண்டும் வெவ்வேறு இனமா? சீமைக் கருவேலத்தால் மான்களுக்குக் கேடு என்கிறார்கள். ஆனால் அதன் காய்களை மான்களே பொறுக்கித் தின்கின்றனவே?
– வாசகர், தலைஞாயிறு

பதில்: இனம் ஒன்றுதான். தாங்கள் கண்டவை வெளிமான்கள். பெட்டைக்குப் பழுப்பு நிறம், கொம்பு இராது. கிடாவும் இளமையில் பழுப்பாகவே இருந்து, வளர வளர முதுகும் கழுத்தும் கறுத்துவிடுகிறது. வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் மட்டும் வெளுப்பாகவே நிற்கும். முறுக்கிய கொம்பும் அதற்கே உரியது. 1967இல் இக்காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு இம்மான்களே முக்கியக் காரணம்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. பெயருக்கு ஏற்றபடி வெளிமான் திறந்தவெளியில் வாழும் விலங்கு. புதருக்குள் பதுங்குவது அதன் பழக்கமன்று. பகையைத் தொலைவிலேயே கண்டு, கால் வேகத்தால் தப்புவதே அதற்குத் தெரிந்த வழி. நம் பக்கத்தில் காட்டுக்கருவை என்று சொல்லும் சீமைக் கருவேலம் புல்வெளியில் ஏறிவிட்டால் மேய்ச்சலும் குறைகிறது, பார்வையும் மறைகிறது. ஆனால் புல் காய்ந்த கோடையில், மஞ்சளாகப் பழுத்து உதிரும் அதன் இனிப்பான காய்கள் மானுக்கு நல்ல தீனி. விதையின் ஓடு கெட்டியானது என்பதால், வயிற்றுக்குள் போன விதைகளில் பல செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் கிடா தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, நாள்தோறும் அதே இடத்தில் புழுக்கையிட்டு எல்லை காட்டும் வழக்கமுடையது. பெட்டைகளைக் கவர்வதற்காக அது தேர்ந்தெடுக்கும் இடமோ நல்ல திறந்தவெளி. ஆக, தனக்கு மிகவும் தேவையான வெளியின் நடுவிலேயே கருவை விதையைக் குவித்துவைப்பது அந்தக் கிடாதான். இதற்கு மானைக் குறை சொல்லி என்ன பயன்? மரத்தைக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும் மரம் இது. வேரோடு பெயர்த்தால்தான் தீரும், அதன் பிறகும் புழுக்கைக் குவியல்களில் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கியாக வேண்டும்.

கேள்வி: கடற்கரை மணலில் படர்ந்து ஊதாப்பூ பூக்கும் கொடியின் பெயர் என்ன? ஆடு மாடு கடிக்காத இந்தக் கொடியால் ஏதும் பயன் உண்டா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: அடப்பங்கொடி. சங்க இலக்கியம் அடும்பு என்று சொல்வது இதைத்தான். இலையின் நுனி இரண்டாகப் பிளந்திருப்பதால் அதை மான் குளம்புக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகை. ஒரு கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள்: கணுவுக்குக் கணு வேர் இறங்கி மணலைப் பிடித்திருக்கும், ஒடித்தால் பால் வடியும். காற்றில் ஓடும் மணலை இது தடுத்து மேடாக்குகிறது. காலையில் விரியும் பூ பிற்பகலில் வாடிவிடும். மயிரடர்ந்த விதை உப்புநீரில் மிதந்து, வேறு கரையில் ஒதுங்கியும் முளைக்கும். உடன் வளரும் முள் புல்லான இராவணன் மீசையும் மணலைக் காக்கும் செடிதான். ஆனால் வெறுங்காலோடு அதன் அருகே போகாதீர்கள்.